நாகப்பட்டினம் வராமல் போன ஃபாரன்ஹீட்

போன மாசம் எங்க ஹாஸ்டல் விங்ல பாதிப் பேருக்குக் காய்ச்சல். பக்கத்து ரூம் பையன் ஊருக்குப் போன் போட்டு, நூத்திரெண்டு டிகிரி இருக்குன்னு அவங்க அம்மாகிட்டச் சொன்னான். அவ்வளவுதான், அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டாங்க. அன்னைக்குத் தஞ்சாவூர்ல வெயில் 39 டிகிரி. உண்மையில் இந்த ரெண்டும் ஏறக்குறைய ஒரே சூடுதான். வெயிலைச் செல்சியஸ்ல சொல்றோம், காய்ச்சலை ஃபாரன்ஹீட்ல சொல்றோம். எந்தப் பாட்டியும் எந்த டாக்டரும் காய்ச்சல் முப்பத்தொன்பதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த ஃபாரன்ஹீட் ஒரு மனுஷன். 32 கழிச்சு, 5 ஆல் பெருக்கி, 9 ஆல் வகுக்கிற கணக்கோட நாம அவரை விட்டுட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல நடந்த ஒரு சின்ன விஷயத்தால (அதைக் கடைசியில சொல்றேன்) இந்த ஆளைத் தேடிப் படிச்சேன். படிச்சா, நம்ம ஊர்ப் பக்கம் வந்திருக்க வேண்டியவர். வராம தப்பிச்சவர். அவருக்குப் பதிலா வேற ஒண்ணு வந்து சேர்ந்தது. அந்தக் கதைதான் இது.

டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட் 1686 மே 24 அன்று பால்டிக் கடலோரத்து டான்சிக் துறைமுகத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது. வியாபாரக் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. ஐந்து பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். 1701 ஆகஸ்ட் 14 அன்று, விஷக்காளான் சாப்பிட்டதில் அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். அப்போது இவருக்கு 15 வயது. சின்னப் பிள்ளைகளை வேறு வேறு வீடுகளில் சேர்த்தார்கள். மூத்தவரை ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதப் பழகட்டும் என்று ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பி வைத்தார்கள்.

கவுன்சிலிங்ல கிடைச்ச பிராஞ்சில் உட்கார்ந்துகொண்டு வேற எதையோ நோண்டிக்கிட்டு இருக்கிற ஆட்கள் நம்ம கிளாஸ்ல ரெண்டு பேராவது இருப்பாங்க இல்லையா? ஃபாரன்ஹீட் அந்த ரகம். ஆம்ஸ்டர்டாமில் பேரேட்டைவிட அவருக்குப் பிடித்துப்போனது அங்கே கண்ணாடிக் குழாய்களில் செய்து விற்ற தெர்மாமீட்டர்களும் பாரோமீட்டர்களும்தான். பயிற்சிக் காலம் முடிந்ததும் கணக்கு வேலைக்குப் போகவில்லை. தன் பங்குச் சொத்து கைக்கு வரும் முன்பே அதன்மேல் கடன் வாங்கிக் கருவிகளில் போட்டார். ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தார்.

டான்சிக்கில் இருந்த காப்பாளர்களுக்குக் கோபம். 1707-இல் அவரைப் பிடிக்க ஒரு வாரண்ட் வாங்கினார்கள். பிடித்து ஜெயிலில் போட அல்ல. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் ஒப்படைத்துக் கப்பலேற்றி அனுப்பிவிட வேண்டும், அதுதான் திட்டம். உருப்படாத பிள்ளைகளை அந்தக் காலத்தில் அப்படித்தான் கிழக்கே தள்ளிவிட்டார்கள்.

கிழக்கே என்றால் எங்கே? கம்பெனியின் பெரிய தலைமையிடம் ஜாவாவில் இருந்தது. ஆனால் சோழமண்டலக் கரைக்கு அவர்களின் தலைமையிடம் 1690-லிருந்து நம்ம நாகப்பட்டினம்தான். 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த ஊர். 1781-இல் ஆங்கிலேயர் பிடுங்கிக்கொள்ளும் வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. அந்த வாரண்ட் மட்டும் அவரைப் பிடித்திருந்தால், ஃபாரன்ஹீட் நாகப்பட்டினம் கோட்டைக்குள் எங்கேயாவது ஒரு மூலையில் துணி மூட்டைகளை எண்ணிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கலாம். பக்கத்து ரூம் பையனுக்கு நூத்திரெண்டும் வந்திருக்காது.

அவர் மாட்டவில்லை. 1708-இல் கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒலே ரோமர் இருந்தார். ஒளிக்கும் வேகம் உண்டு என்று வியாழனின் துணைக்கோளை வைத்து 1676-இல் காட்டினாரே, அதே ரோமர். வயதான காலத்தில் அந்த நகரத்துக்கு மேயராகவும் இருந்தார். (இதே 1708-இல், அதே கோபன்ஹேகனிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்திருந்த சீகன்பால்குவை டேனிஷ் கவர்னர் டான்ஸ்பர்க் கோட்டையில் அடைத்து வைத்தார். ஊர்கள் எப்படியெல்லாம் கோத்துக்கொண்டு கிடக்கின்றன பாருங்க.)

ரோமரிடம் ஒரு தெர்மாமீட்டர் அளவு இருந்தது. பனிக்கட்டி உருகுவது ஏழரை, தண்ணீர் கொதிப்பது அறுபது. அந்தக் காலத்து மற்ற தெர்மாமீட்டர்களின் பிரச்சினை என்னவென்றால், ஒன்று காட்டுவதை இன்னொன்று காட்டாது. ஒவ்வொரு கைவினைஞரும் தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டார். பாரிஸில் ஒருவர் இன்று குளிர் அதிகம் என்று எழுதினால், லண்டனில் படிக்கிறவருக்கு அது எவ்வளவு என்று தெரிய வழியே இல்லை. இரண்டு நிலையான புள்ளிகளைப் பிடித்துக்கொண்டால் இது தீரும் என்பதை ரோமரிடம் பார்த்தார் ஃபாரன்ஹீட். ஏழரை, இருபத்திரண்டரை என்ற பின்னங்கள்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. நாலால் பெருக்கினார், பிறகு கொஞ்சம் நகர்த்தினார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். 32 என்ற எண் ஏதோ பைத்தியக்காரத்தனம்னு நானும் நினைச்சிருந்தேன். பனி, தண்ணீர், நவச்சாரம் மூன்றும் கலந்த கலவையின் குளிர் பூஜ்யம். நவச்சாரம்னா, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறவர் தூவுவாரே, அதேதான். பனியும் தண்ணீரும் மட்டும் சேர்ந்தால் 32. நல்ல உடம்புக்காரரின் சூடு 96. இப்போ 96-லிருந்து 32-ஐக் கழிங்க. 64. அதாவது, இரண்டு கோட்டையும் போட்டுவிட்டு, நடுவில் ஒரு கோடு, அதன் நடுவில் ஒரு கோடு என்று ஆறு தடவை பாதியாக்கினால் ஒவ்வொரு டிகிரியும் கிடைத்துவிடும். ஸ்கேலே வேண்டாம், காம்பஸ் போதும். பட்டறையில் உட்கார்ந்து கையால் கோடு போட்டவருக்குத்தான் இப்படி ஓர் எண் தோன்றும்.

1714-இல் அவர் ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃபிடம் இரண்டு தெர்மாமீட்டர்களைக் கொடுத்தார். இரண்டும் ஒரே சூட்டை ஒரே மாதிரி காட்டின. வோல்ஃப் அசந்துபோய் அதைப் பற்றி லைப்சிக் நகரத்து ஆய்விதழில் எழுதினார். இரண்டு தெர்மாமீட்டர் ஒத்துப்போனதுக்கு ஒரு கட்டுரையா என்று சிரிக்காதீங்க, அன்றைக்கு அது அவ்வளவு பெரிய விஷயம். ஹாலே என்ற பேர் நமக்கும் புதுசில்லை. அங்கே வார்த்த தமிழ் எழுத்துகள்தான் 1713-இல் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தன. சரபோஜி மன்னரைச் சிறு வயதில் வளர்த்துப் படிக்க வைத்த சுவார்ட்ஸ் பாதிரியாரும் பிற்காலத்தில் ஹாலேயில் படித்துவிட்டு வந்தவர்தான்.

வோல்ஃபுக்குக் கொடுத்தவை சாராய தெர்மாமீட்டர்கள். சாராயத்தில் ஒரு குறை: 78 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் விட்டால் வேலைக்காகாது. அதே 1714-இல் ஃபாரன்ஹீட் பாதரசத்துக்கு மாறினார்.

பாதரசத்தின் அருமை, கையில் உருட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். நான் ஆறாங்கிளாஸ் படிக்கும்போது எங்க வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தது. வெண்ணாற்றங்கரையில் எங்க ஊர். சிமெண்ட் தரையில் வெள்ளிக் குண்டுமணிகளா ஓடுச்சு. நானும் தங்கச்சியும் உள்ளங்கையில் உருட்டி, ரெண்டைச் சேர்த்து ஒண்ணாக்கி, ஒண்ணைத் தட்டிப் பத்தாக்கி, மத்தியானம் பூரா விளையாடினோம். கையில் ஒட்டவே ஒட்டாது. கடைசியில் அப்பத்தா வந்து, கண்ணாடி குத்தும்னு திட்டிட்டு, விளக்குமாத்தால பெருக்கிக் கொல்லைப் பக்கம் தள்ளிட்டாங்க. கொல்லைக்குப் பின்னால வாய்க்கால். அதுக்கு அந்தாண்டை வயல்.

அந்த ஒட்டாத குணம்தான் ஃபாரன்ஹீட்டுக்கும் வேண்டியிருந்தது. கண்ணாடியை நனைக்காது, சுத்தமாக ஏறும், சுத்தமாக இறங்கும். மைனஸ் 39 செல்சியஸ் வரை உறையாது, 357 வரை கொதிக்காது. சூட்டுக்கு ஏற்றபடி சீராக விரியும். ஆனால் அழுக்குப் பாதரசம் கண்ணாடியில் வால் விட்டு ஒட்டும். அதைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டார். கண்ணாடி ஊதவும் தானே கற்றார். கண்ணாடியும் சூட்டில் விரிகிறது என்பதைக் கணக்கில் எடுத்தார்.

1717 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் தங்கி, கருவிகள் செய்து விற்றுப் பிழைத்தார். 1718-லிருந்து வேதியியல் பாடமும் நடத்தினார். யுனிவர்சிட்டி வேலை எதுவும் கிடையாது. தேடி வந்தவர்களுக்கு, காசுக்கு. தண்ணீர் 32 டிகிரிக்குக் கீழே போனாலும் அசையாமல் இருந்தால் உறையாமல் கிடக்கும், கொஞ்சம் ஆட்டினால் சட்டென்று பனியாகும் என்பதை 1721-இல் கண்டார். காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்பதையும் காட்டினார். கொடைக்கானலில் சோறு வேக லேட்டாவது ஏன் என்பதன் மூலக்கதை அதுதான். 1724-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அதே வருஷம் ஐந்து சின்னக் கட்டுரைகள் எழுதினார். அத்தோடு சரி, பிறகு அங்கே எழுதவே இல்லை. லைடன் நகரத்தின் பேர்போன மருத்துவர் போர்ஹாவே இவரிடம் தெர்மாமீட்டர் வாங்கினார். கருவி அங்கிருந்துதான் வைத்தியர்கள் பக்கம் நகர்ந்தது.

கடைசிக் காலம் கஷ்டம். தாழ்நிலங்களில் தேங்கும் தண்ணீரை இறைத்து வெளியேற்ற ஓர் எந்திரம் யோசித்து வைத்திருந்தார். ஹாலந்து கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற நாடு, வடிகால்தான் அவர்களின் உயிர்ப் பிரச்சினை. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்து நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு உரிமம் வாங்க 1736-இல் ஹேக் நகரத்துக்குப் போன இடத்தில் உடம்பு முடியாமல் படுத்தார். செப்டம்பர் 16 அன்று இறந்தார். வயது 50. கல்யாணம் ஆகவில்லை. ஏழைகளுக்குச் செய்யும் நாலாம் தரச் சடங்கோடு அங்கே ஒரு தேவாலயத்தில் புதைத்தார்கள்.

அவர் போன பிறகு 32, 212 என்ற இரண்டையும் நிலைப்படுத்தி அளவைத் திருத்தினார்கள். அதனால்தான் உடல் சூடு 96-லிருந்து 98.6 ஆனது. 1867-இல் தாமஸ் ஆல்பட் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஐந்து நிமிஷத்தில் சூடு காட்டும், சட்டைப்பையில் அடங்கும் தெர்மாமீட்டரைச் செய்தார். அதற்கு முன்னால் இருந்தவை ரொம்ப நீளம், ரொம்ப நேரம். அதன் பிறகு பாதரசம் வீட்டுக்கு வீடு போனது. இந்தியாவில் பாதரசச் சுரங்கம் கிடையாது. சித்த வைத்தியரின் ரசமானாலும் சரி, டாக்டர் வாயில் வைக்கிற தெர்மாமீட்டரானாலும் சரி, அந்த உலோகம் வெளியிலிருந்து வந்ததுதான். ஃபாரன்ஹீட் வரவில்லை, அவருடைய பாதரசம் வந்தது.

இன்னொரு கிளைக்கதை. சூட்டை அளப்பதோடு நில்லாமல், அதைத் தானாகக் கட்டுப்படுத்தவும் பாதரசம் உதவியது. ஃபாரன்ஹீட்டுக்கு நூறு வருஷம் முன்பே கொர்னேலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர், முட்டை பொரிக்க ஓர் அடுப்புச் செய்தார். உள்ளே சூடு கூடினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு தண்டை உயர்த்தும். அது புகைவழியை மூடி நெருப்பைத் தணிக்கும். தெர்மோஸ்டாட் வம்சத்தின் பாட்டன் இதுதான். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளின் சுவரில் தெர்மோஸ்டாட் வந்தது. 1953-இல் ஹனிவெல் விட்ட உருண்டை வடிவத் தெர்மோஸ்டாட் படத்தைத் தேடிப் பாருங்க, அழகாக இருக்கும். உள்ளே இரட்டை உலோகச் சுருள். அதன் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் ஒரு துளிப் பாதரசம், இரண்டு கம்பி முனை. குளிர்ந்தால் சுருள் திரும்பும், குப்பி சாயும், பாதரசம் ஓடிப்போய்க் கம்பிகளை இணைக்கும், ஹீட்டர் ஓடும். தேயாது, கருகாது, நாற்பது வருஷம் உழைக்கும்.

அந்த ஒரு துளி 3, 4 கிராம் இருக்கும். சி.எஃப்.எல். பல்பில் இருப்பது சில மில்லிகிராம் மட்டுமே. காய்ச்சல் தெர்மாமீட்டரில் ஒரு கிராமுக்குள். பழைய பி.பி. கருவியில்தான் 100 கிராம் பக்கத்தில். (நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ், அயர்ன் பாக்ஸ் தெர்மோஸ்டாட்டில் பாதரசம் கிடையாது. பயந்து கழட்ட வேண்டாம்.)

அமெரிக்காவில் பழைய வீட்டை இடிக்கும்போது இந்தத் தெர்மோஸ்டாட்கள் குப்பைக்குப் போயின. குப்பையை எரித்தால் பாதரசம் ஆவியாகி எங்கேயோ மழையோடு இறங்கும். 1998-இல் தயாரிப்பாளர்களே சேர்ந்து திரும்ப வாங்கும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். இஷ்டமிருந்தால் கொடுங்கள் என்கிற ஏற்பாடு. ரொம்பக் கொஞ்சம்தான் திரும்பியது. கழட்டுகிற மெக்கானிக்குக்கு அதனால் என்ன லாபம்? அப்போதுதான் 2006-இல் மெய்ன் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. தெர்மோஸ்டாட்டைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் குறைந்தது 5 டாலர் கொடுக்க வேண்டும். வெர்மாண்டும் அதே வழியில் போனது. கலிஃபோர்னியா 2008-இல், கழட்டுகிற காண்ட்ராக்டர் அதைச் சேகரிப்பு இடத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்றது. ஆள்தொகைக் கணக்கில் பார்த்தால் நன்றாகத் திரும்பி வந்தது காசு கொடுத்த மாநிலங்களில்தான். நம்ம ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரர் ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பார் இதை.

நம்ம நாட்டுக் கதையும் அந்த நாட்டோடு ஒட்டியதுதான். நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980-களில் எந்திரங்களோடு கொடைக்கானலுக்கு வந்தது. 1987-இல் அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் அமெரிக்காவிலிருந்து வரும். செய்த தெர்மாமீட்டர்கள் திரும்ப வெளிநாடு போகும். உடைந்தவை மட்டும் இங்கேயே தங்கின. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதிக் காயலான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கு மேல் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர் மக்களும் சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த மாசமே ஆலை மூடப்பட்டது. 2003-இல், ஆலையிலும் அந்தக் கடையிலும் திரட்டிய சுமார் 290 டன் கழிவைக் கப்பலில் ஏற்றி, பென்சில்வேனியாவில் பாதரசம் பிரித்தெடுக்கும் ஆலைக்குத் திருப்பி அனுப்ப வைத்தார்கள். அனுப்பினவங்க நாட்டுக்கே கழிவு திரும்பப் போன அபூர்வமான சம்பவம் அது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது 2016-இல். ஆலை மூடி பதினைந்து வருஷம் கழித்து.

சரி, சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2016-லிருந்து சி.எஃப்.எல்., டியூப் லைட் போன்ற பாதரச விளக்குகளை மின்னணுக் கழிவு விதிகளுக்குள் கொண்டுவந்து, திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தார்கள். மினமாட்டா உடன்படிக்கையை 2018 ஜூனில் இந்தியா ஏற்றுக்கொண்டது. பாதரசப் பொருள்களைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்க. கண்ணாடித் தெர்மாமீட்டருக்கு வயர் கிடையாது, கரண்ட் கிடையாது. அதனால் அது மின்னணுக் கழிவு ஆகாது. டியூப் லைட்டைவிட எத்தனையோ மடங்கு பாதரசம் உள்ளே இருந்தும், அதைச் செய்து விற்றவர் திரும்ப வாங்க வேண்டியதில்லை. உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர் 2016 திடக்கழிவு விதிகளில் வீட்டு அபாயக் கழிவு என்ற பட்டியலில் வந்தது, காலாவதி மாத்திரை, பூச்சிமருந்து டப்பாவோடு. அதைப் பெற்றுக்கொள்ள நகரத்தில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வைக்க வேண்டியது உள்ளாட்சியின் வேலை என்றும் எழுதியிருந்தார்கள். உங்க ஊர்ப் பரப்பளவை 20 ஆல் வகுத்துப் பாருங்க. அத்தனை மையம் இருந்திருக்கணும். ஒன்றாவது எங்கே இருக்குன்னு தெரிஞ்சா எனக்கு எழுதுங்க.

இங்கே, டெல்டாவில், இதுக்கு ஏன் இவ்வளவு அலட்டல்னு கேக்கலாம். காரணம் நெல். வெறும் பாதரசத்தைவிட ஆபத்தானது மெத்தில் பாதரசம். ஜப்பானில் மினமாட்டா கடற்கரையில் 1956-இல் வெளிச்சத்துக்கு வந்த நரம்பு நோய்க்குக் காரணம் அதுதான். அங்கே மீன் வழியாக வந்தது. பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுவது, காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியா. காற்றில்லாத சேறு என்றால் தண்ணீர் கட்டி நிற்கிற நஞ்சை வயல்தான். சீனாவில் குய்சோ மாகாணத்துப் பழைய பாதரசச் சுரங்கப் பகுதியில் ஆராய்ந்தபோது, மக்கள் உடம்பில் மெத்தில் பாதரசம் ஏறியது மீனைவிட முக்கியமாக அரிசி வழியாக என்று தெரிந்தது. அங்கே இருந்தது சுரங்கம், நம்ம வயலில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் குறுவை, சம்பா, தாளடி என்று மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிற மண்ணுக்குப் போகிற வாய்க்காலில் பாதரசத்தை ஊற்ற வேறு எந்த ஊரையும்விட நாம யோசிக்கணும். அப்பத்தா தள்ளிவிட்ட அந்த ஒரு கிராமை இப்போ நினைச்சா எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. அவங்களுக்கு யார் சொன்னா?

இனி அந்த லேப் விஷயம். வென்சுரிமீட்டர் எக்ஸ்பெரிமெண்ட் பண்ணினவங்களுக்குத் தெரியும், மேனோமீட்டர் வால்வை வரிசை மாத்தித் திறந்தா U குழாயில் இருக்கிற பாதரசம் தண்ணியோட பிச்சுக்கிட்டுப் போயிடும். எங்க பேட்ச் அதைச் செய்தது. செய்த கை என் கை. ஒரு பளபளப்பு, அவ்வளவுதான், டேங்குக்குள் போயிடுச்சு. மார்க் போயிடும்னு மட்டும்தான் அப்போ பயந்தேன். லேப் அண்ணன் திட்டவில்லை. டேங்கு தண்ணியை மெதுவா வடிச்சு, அடியில் கிடந்ததைச் சிரிஞ்சால் உறிஞ்சி, அலமாரியைத் திறந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டார். மேலே ரெண்டு அங்குலம் தண்ணி நிக்குது, ஆவி வராம இருக்க. எத்தனையோ வருஷமா உடைஞ்ச தெர்மாமீட்டர், சிதறின மேனோமீட்டர் எல்லாம் அதில்தான் சேருதாம். தூக்கச் சொன்னார். கால் பாட்டில்கூட இல்லை, கை அப்படியே இறங்குது. ஒரு கிலோவுக்கு மேல இருக்கும்.

இதை எங்கே கொடுப்பீங்கன்னு கேட்டேன். அவருக்கு முன்னால இருந்தவரும் சேர்த்துத்தான் வச்சாராம், இவரும் சேர்த்து வைக்கிறாராம். கருவி விற்ற கடைக்காரர் புதுசு வேணும்னா தர்றேன், பழசு வேண்டாம்னுட்டார். அபாயக் கழிவுக்கென்றே கும்மிடிப்பூண்டியில் ஒரு இடம் இருக்கு, ஒரு பாட்டிலுக்காக அங்கேயிருந்து யார் லாரி அனுப்புவா? சிங்க்ல ஊத்தினா ஒரு நொடியில் வேலை முடிஞ்சிருக்கும். எந்த விதியும் கேட்காமலே, எந்த 5 டாலரும் வாங்காமலே, அந்த அண்ணன் அதைச் செய்யாம இருக்கார்.

நாங்க நாலு பேர் இப்போ மத்த லேப்களில் கிடக்கிறதையும் கணக்கெடுக்கிறோம். கெமிஸ்ட்ரி லேப், ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப், டிஸ்பென்சரியில் ரெண்டு பழைய பி.பி. கருவி. எல்லாத்தையும் எடை போட்டுப் பட்டியலாக்கி, பிரின்சிபால் கையெழுத்தோட மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு அனுப்பறதா இருக்கோம். பக்கத்துக் காலேஜ்களிலும் இதே மாதிரி பாட்டில் இருக்கும். உங்களுக்கு அங்கே ஃப்ரெண்ட்ஸ் இருந்தா கேட்டுச் சொல்லுங்க. பத்துப் பாட்டில் சேர்ந்தா ஒரு வண்டிக்கு நியாயம் உண்டு.

வீட்டில் தெர்மாமீட்டர் உடைஞ்சா விளக்குமாறு எடுக்காதீங்க, அது துளியை நூறாக்கும். ஃபேனை நிறுத்திட்டு ஜன்னலைத் திறங்க. சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்க. கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி கெட்டியான ரெண்டு அட்டையால துளிகளை ஒண்ணா ஓட்டுங்க. கண்ணுக்குத் தெரியாத பொடித்துளிகளைச் செல்லோடேப்பால ஒத்தி எடுங்க. எல்லாத்தையும், அட்டை டேப் உள்பட, இறுக்கி மூடற பாட்டிலில் போட்டு மூடுங்க. செமஸ்டர் லீவு முடிஞ்சு வரும்போது கொண்டுவாங்க. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப், உள்ளே நுழைஞ்சதும் இடதுபக்கம் மூணாவது அலமாரி. சாவி லேப் அண்ணன்கிட்ட இருக்கு.